ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

கண்டனூரில் வெண்பனி கொட்டியதாகச் சரித்திரம் இல்லை. மார்கழி விடியலில் ஊருணிக் கரையில் கொஞ்சம் மூடுபனி படரும், எட்டு மணி வெயில் வந்து அதையும் துடைத்துவிடும். அப்படிப்பட்ட ஊரில், புதுவயல் ரோட்டில் காது கிழியப் பறக்கும் பைக் ஒன்றின் சீட்டுக்கு அடியில், எங்கேயோ ஒரு குளிர்தேசத்தில் வேறொரு வண்டிக்காக யாரோ எழுதிய பெட்ரோல் கணக்கு ஓடிக்கொண்டிருந்தால்? முதலில் சிரிப்புதான் வரும். பிஸ்டன் உருகி, வண்டியைக் குட்டியானையில் ஏற்றிக் காரைக்குடிக்கு அனுப்பும் நாளில் அந்தச் சிரிப்பு போய்விடும்.

விஷயம் 'ஃப்யூயல் கன்ட்ரோலர்' என்கிற பெட்டியைப் பற்றியது. இன்ஜெக்‌ஷன் வண்டியில் எவ்வளவு பெட்ரோல் ஊற்றுவது என்று முடிவு செய்வது இசியு என்ற குட்டிக் கம்ப்யூட்டர். "இத்தனை மில்லி செகண்ட் திற" என்று அது இன்ஜெக்டருக்கு உத்தரவு போடும். கன்ட்ரோலர் இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, அந்த உத்தரவை இங்கே 5 சதவீதம் கூட்டி, அங்கே 3 சதவீதம் குறைத்து அனுப்பும். நடுவழியில் கடிதத்தைப் பிரித்துத் திருத்தி எழுதும் தபால்காரர் மாதிரி! அமெரிக்காவின் டைனோஜெட் செய்யும் பவர் கமாண்டர், பெங்களூரின் ரேஸ் டைனமிக்ஸ் செய்யும் பவர்டிரானிக் எல்லாம் இந்த ஜாதி. அவற்றில் குற்றம் ஒன்றும் இல்லை. குற்றம் அவற்றை வாங்கும் விதத்தில் இருக்கிறது.

வாங்கும் விதம் எப்படி? சைலன்சரை மாற்றுவது, ஏர் ஃபில்டரை மாற்றுவது, பிறகு "மச்சான், எந்தப் பெட்டி நல்ல பெட்டி?" என்று நாலு பேரைக் கேட்பது. நாலு பேரும் நாலு பெயர் சொல்வார்கள். யாரிடம் இருக்கும் பெட்டியோ அதுதான் அவருக்கு நல்ல பெட்டி. கடைசியில் ஒன்றை வாங்கி, நெட்டிலிருந்து ஒரு 'மேப்' இறக்கிப் போட்டு, ஒரு முறுக்கு முறுக்கி, "பவர் ஏறிடுச்சு" என்று தீர்ப்பு எழுதிவிடுவது. ஏறியது சத்தமா, பவரா என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

பனி வண்டிக்காரருக்கு நியாயம் உண்டு

இந்தப் பெட்டிகளுக்கு ஒரு பெரிய சந்தை பனி வண்டிக்காரர்களிடம் இருக்கிறது. ஸ்னோமொபைல் என்பார்கள். முன்னால் இரண்டு சறுக்குப் பலகை, பின்னால் சக்கரத்துக்குப் பதிலாக ரப்பர் பட்டை. கனடாவிலும் அமெரிக்காவின் வடக்கிலும் அது சாதாரண வண்டி. நம் நாட்டில் குல்மார்க்கில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் போகும், சியாச்சினில் ராணுவத்துக்கு உழைக்கும்.

எஞ்சினைக் குடைந்து மாற்றிய பனி வண்டிக்காரர் ஒருவர் எந்தக் கன்ட்ரோலர் வாங்குவது என்று மண்டையை உடைத்துக்கொண்டால் அதில் அர்த்தம் இருக்கிறது. காரணம் காற்று. குல்மார்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய கால் பங்கு குறைந்துவிடும். 5,000 மீட்டரைத் தாண்டினால் கிட்டத்தட்ட பாதிக் காற்றுதான். குளிரோ இதற்கு நேர் எதிராக வேலை செய்யும். 40 டிகிரி வெயிலை விட மைனஸ் 20 டிகிரியில் அதே அழுத்தத்துக் காற்று 24 சதவீதம் அடர்த்தி கூடியது. காலையில் பள்ளத்தாக்கு, மதியம் மலை உச்சி என்று போகிறவருக்குக் காற்றுக் கணக்கு மணிக்கு மணி மாறும். காற்று மாறினால் பெட்ரோலும் மாற வேண்டும்.

கண்டனூருக்கு வரலாம். செட்டிநாட்டுப் பூமி மொத்தமும் தட்டை. கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர் கணக்கில்தான் இருக்கிறது. மார்கழியின் 20 டிகிரிக்கும் சித்திரையின் 40 டிகிரிக்கும் இடையே காற்றின் அடர்த்தி மாறுவது 7 சதவீதத்துக்கும் குறைவு. அதையும் வண்டியோடு வந்த இசியுவே, காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சாரை வைத்துச் சரிசெய்துவிடும். பனி வண்டிக்காரருக்கு இருக்கும் நோய் இங்கே இல்லவே இல்லை. ஆனாலும் அவர் சாப்பிடும் மருந்தை அதே அளவில் வாங்கிக் குடிக்கிறார்கள்!

அப்படியானால் இங்கே மாறியது என்ன? இரண்டே இரண்டு. ஒன்று, வண்டிக்காரர் தானே மாற்றிய சாமான்கள். இன்னொன்று, பங்கில் ஊற்றும் பெட்ரோல். இந்த இரண்டும் எவ்வளவு மாற்றின என்பதை அளக்காமல் எந்தப் பெட்டியையும் தேர்ந்தெடுக்க முடியாது. சொல்ல வேண்டிய விஷயம் மொத்தமும் இதுதான்: கன்ட்ரோலரைக் கடைசியில் வாங்கு, அளவுகோலை முதலில் வாங்கு.

சிக்ரி பக்கத்தில் இருந்தும்...

எஞ்சினுக்குள் போகும் கலவை சரியா என்று பார்க்கப் புகைக்குழாயில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனை அளக்க வேண்டும். அதற்கான சென்சார்தான் லாம்டா சென்சார். உள்ளே இருப்பது சிர்க்கோனியா என்ற பீங்கான். சூடானதும் ஒரு பக்கத்து ஆக்ஸிஜனுக்கும் மறு பக்கத்து ஆக்ஸிஜனுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கரண்டாகச் சொல்லும். வால்டர் நெர்ன்ஸ்ட் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் (1920-ம் ஆண்டின் நோபல் பரிசு பெற்றவர்) கொடுத்த சமன்பாடுதான் அதன் அஸ்திவாரம். பாஷ் கம்பெனி செய்து 1976-ல் வோல்வோ காரில் முதன்முதலாக ஏறியது. சுருக்கமாகச் சொன்னால், அது ஒரு மின்வேதியியல் கருவி.

இப்போது ஒரு வேடிக்கை. மின்வேதியியலுக்கென்றே மத்திய அரசு நடத்தும் ஆராய்ச்சி நிலையம் எங்கே இருக்கிறது? காரைக்குடியில்! அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14-ல் திறக்கப்பட்ட 'சிக்ரி'. கண்டனூரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். அந்த நிலையத்தின் நிழலில் வளர்ந்த பிள்ளைகள் விலையுயர்ந்த பெட்டியை வாங்குவார்கள், கட்டை விரல் அளவுள்ள அந்த மின்வேதியியல் சென்சாரை மட்டும் "அதெல்லாம் எதுக்கு?" என்று ஒதுக்கிவிடுவார்கள். இதை விதி என்பதா, வேறென்ன சொல்வது?

"வண்டியிலேயே சென்சார் இருக்கே" என்று உடனே பதில் வரும். இருக்கிறது. பெரும்பாலும் அது 'நேரோபேண்ட்' ஜாதி. கலவை சரியான புள்ளியை (லாம்டா 1) ஒட்டி 0.45 வோல்ட்டுக்கு மேலே கீழே தாவும். கூடவா குறைவா என்று மட்டும் சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. தராசு முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும், எத்தனை கிலோ என்று தெரியாது. முழு முறுக்கில் எஞ்சினுக்கு வேண்டியது லாம்டா 0.85-லிருந்து 0.90 வரை. அந்த இடத்தை இது காட்டவே காட்டாது. அதைக் காட்டுவது 'வைட்பேண்ட்' சென்சார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே வேகத்தில் நிதானமாகப் போகும்போது இசியு அந்த நேரோபேண்ட் சென்சாரைக் கேட்டே பெட்ரோலைத் திருத்திக்கொண்டிருக்கும். நடுவில் உட்கார்ந்த பெட்டி 6 சதவீதம் கூட்டினால், "அடடா, அதிகமாகிவிட்டதே" என்று இசியு 6 சதவீதம் குறைக்கும். மருமகள் உப்பு போட, மாமியார் தண்ணீர் ஊற்ற, குழம்பு பழைய இடத்துக்கே வந்து நிற்கும். காசு போனதுதான் மிச்சம்.

ஒரு தாள், ஒரு பென்சில்

அளந்தால் என்ன கிடைக்கும்? ஓர் உதாரணம். 9,000 ஆர்பிஎம், முழு முறுக்கு. வைட்பேண்ட் காட்டுவது 0.98. வேண்டியது 0.88. இதை அதால் வகுத்தால் 1.114. அந்த இடத்தில் பெட்ரோல் 11 சதவீதம் கூட வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. எட்டாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும்.

அடுத்த வரி இன்னும் முக்கியம். 9,000 ஆர்பிஎம்மில் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினின் ஒரு சுற்றுக்குக் கிடைக்கும் நேரம் மொத்தமே 13.3 மில்லி செகண்ட். இன்ஜெக்டர் ஏற்கெனவே 12 மில்லி செகண்ட் திறந்திருந்தால் 90 சதவீத நேரம் திறந்தே கிடக்கிறது என்று அர்த்தம். 85 சதவீதத்துக்கு மேல் அதை நம்பக் கூடாது என்பது பொதுவான விதி. இந்த வண்டிக்கு உலகத்திலேயே விலை கூடிய பெட்டியை வாங்கி மாட்டினாலும் பிரயோஜனம் இல்லை. தண்ணீர்க் குழாய் சிறியது, திருகை மாற்றி என்ன ஆகப் போகிறது? பெரிய இன்ஜெக்டர்தான் வேண்டும். இதை அளந்தவர் அறிவார். அளக்காதவர் இரண்டாவது பெட்டி வாங்குவார்.

அளந்து முடித்த பிறகு தேர்வு தானாகவே வந்து நிற்கும்:

சைலன்சரும் ஃபில்டரும் மட்டும் மாறி, திருத்தம் சில சதவீதத்துக்குள் இருந்தால் நடுவில் உட்காரும் சாதாரணப் பெட்டி போதும். பல சமயம் அதுவும் வேண்டாம்.

கேம் மாறி, கம்ப்ரஷன் ஏறி, பற்றவைக்கும் நேரமும் மாற வேண்டியிருந்தால், பெட்ரோலை மட்டும் திருத்தும் பெட்டி ஆபத்து. தீப்பொறி நேரத்தையும் திருத்தும் பெட்டியோ, இசியுவையே திரும்ப எழுதுவதோதான் வழி.

காற்று உள்ளே போகும் பாதையே மொத்தமாக மாறிவிட்டால் தனி இசியு. இதற்கு நல்ல சாட்சி கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டி. பொறியியல் மாணவர்கள் தாங்களே கட்டிய பந்தயக் கார்களைக் கொண்டுவருவார்கள். கேடிஎம் 390-ன் 373 சிசி எஞ்சினை எடுத்து வைப்பவர்கள் நிறைய. பெட்ரோல் எஞ்சின் இழுக்கும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் துளை ஒன்றின் வழியாகத்தான் போக வேண்டும் என்பது விதி. அப்படிக் கழுத்தை நெரித்த பிறகு, கம்பெனி கொடுத்த மேப் வேறொரு எஞ்சினின் ஜாதகம் மாதிரி. அங்கே மெகாஸ்குவர்ட், ஸ்பீடுயினோ போன்ற, தானே கட்டிக்கொள்ளும் இசியு கூடச் சரியான தேர்வாகலாம். ஆனால் "ஏன் இதை எடுத்தீர்கள்?" என்று நடுவர் கேட்கும்போது "ஸ்பான்சர் கொடுத்தார்" என்பது பதில் ஆகாது. அளவெடுத்த தாளை நீட்டுவதே பதில்.

யமஹா ஆர்எக்ஸ் 100? 1996-ல் உற்பத்தி நின்ற பிறகும் செட்டிநாட்டுத் தெருக்களில் குலதெய்வ மரியாதையோடு ஓடும் 98 சிசி டூ ஸ்ட்ரோக்குக்குக் கார்புரேட்டர்தான் உண்டு. அதற்கு வேண்டியது சரியான ஜெட்டும் நீடில் உயரமும். பெட்டி எதுவும் வேண்டாம். அதன் புகையில் லாம்டா சென்சாரை நம்புவதிலும் வம்பு உண்டு. எரியாத கலவை நேராகப் புகைக்குழாய்க்குள் தப்பிப் போகும், ஆயில் புகை சென்சாரைக் கெடுக்கும். அதனால்தான் டூ ஸ்ட்ரோக் பனி வண்டிக்காரர்கள் புகையின் வெப்பத்தை அளக்கும் மீட்டரையும் பிளக்கையும் பார்க்கிறார்கள். கருவி வேறு, பழக்கம் ஒன்றுதான்: அளப்பது.

எதிர்க்கட்சியின் வாதங்கள்

"எங்க மெக்கானிக் அண்ணன் காதால கேட்டே சொல்லிடுவார்." சொல்வார், மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் என்ன செய்கிறார் என்று கவனித்துப் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு சாமானைத்தான் மாற்றுவார். ஓட்டிப் பார்ப்பார். பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பார். போன தடவை என்ன இருந்தது என்று ஞாபகம் வைத்திருப்பார். அவர் அளக்கிறார் ஐயா, மீட்டர் இல்லாமல் அளக்கிறார்! லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஒரே ராத்திரியில் சைலன்சர், ஃபில்டர், மேப் மூன்றையும் மாற்றிவிட்டு எது என்ன செய்தது என்று தெரியாமல் நிற்பவர் அவர் பெயரைச் சொல்லித் தப்பிக்க முடியாது.

"கொஞ்சம் ரிச்சா வச்சுட்டா சேஃப்." அரை உண்மை. லீன் ஓடினால் பிஸ்டன் போகும் என்பது சரி. அதற்காக அளவு தெரியாமல் ஊற்றினால் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவும், கீழே இறங்கி எஞ்சின் ஆயிலில் கலக்கும், புகைக்குழாயில் உள்ள கேட்டலிஸ்டைப் பொசுக்கும். மெதுவாகச் சாவது பாதுகாப்பு ஆகாது.

"வைட்பேண்ட் விலை அதிகம்." இங்கேதான் கணக்குத் தப்புகிறது. பெட்டி ஒரு வண்டிக்குச் சொந்தம், மாட்டினால் மாட்டியதுதான். மீட்டர் அப்படியில்லை. புகைக்குழாயில் ஒரு நட்டை வெல்டிங் வைத்துவிட்டால் திங்கட்கிழமை ஒரு வண்டி, செவ்வாய்க்கிழமை அடுத்த வண்டி. ஐந்து பேர் பங்கு போட்டு வாங்கினால் ஒரு தெருவுக்கே போதும். பல வண்டிகளுக்குப் பெட்டியே தேவையில்லை என்று அது சொல்லும்போது போட்ட காசு திரும்பிவிடும்.

"ரோட்டில் ஓட்டிப் பார்த்தாலே தெரியும்." முழு முறுக்கில் சோதிக்கும் இடம் தேவகோட்டை ரோடு இல்லை. எதிரே வருவது யாரோ ஒருவருடைய அப்பா. அதோடு, பதிவுச் சான்றிதழ் விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. 2019-ல் வந்த திருத்தப்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பந்தய வண்டியைப் பந்தயத் தளத்திலும் டைனோ மேடையிலும்தான் சோதிக்க வேண்டும்.

பெட்ரோலே மாறிவிட்டது

இவ்வளவுக்கும் மேலாக ஒரு விஷயம். பங்கில் ஊற்றுவது பழைய பெட்ரோல் இல்லை. 2022-ல் நாடு முழுவதும் பத்து சதவீத எத்தனால், 2023-ல் சில பங்குகளில் இருபது சதவீதம், 2025-ல் நாட்டின் சராசரியே இருபது. சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இருபது சதவீதம் கலந்தால் சுமார் 13.5. அதாவது அதே காற்றுக்குப் பழைய பெட்ரோலை விட ஏறக்குறைய 8 சதவீதம் கூடுதலாக ஊற்ற வேண்டும்.

எத்தனால் இல்லாத பெட்ரோலில் பத்து வருஷத்துக்கு முன்னால் யாரோ எழுதிய மேப்பை இறக்கி அப்படியே போட்டால், எஞ்சின் முழு முறுக்கில் அந்த 8 சதவீதம் லீனாக ஓடும். பெட்டி வாங்கியவர் பவருக்காக வாங்கினார், அது பிஸ்டனுக்குக் குழி தோண்டிக்கொண்டிருக்கிறது. மீட்டரைப் படிப்பதிலும் ஒரு பொறி உண்டு. லாம்டா 1 என்றால் '14.7' என்று காட்டும்படிதான் பல மீட்டர்களில் எழுதியிருப்பார்கள், உள்ளே எந்தப் பெட்ரோல் இருந்தாலும் சரி. ஆகவே அந்த எண்ணை விட்டுவிட்டு லாம்டாவை மட்டும் பார்ப்பது புத்திசாலித்தனம்.

கண்டனூர் கணக்குத் தெரியாத ஊர் இல்லை. பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்தவர்கள் பேரேட்டில் வரவும் செலவும் எழுதாமல் ஒரு நாளையும் மூடவில்லை. நகரத்தார் கல்யாணத்தில் இசைகுடிமானம் எழுதுவார்கள், பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களைக் கரண்டி வரைக்கும் பட்டியல் போடுவார்கள். அந்தத் தெருவில் பிறந்த பிள்ளை, அப்பா சம்பாதித்த காசில் பெட்டி வாங்கி, எத்தனை ஊற்றினோம், எத்தனை எரிந்தது என்று ஒரு தாளில் கூட எழுதி வைக்காமல் முறுக்கினால் அது அந்த ஊருக்கு அழகா?

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். எஞ்சினில் ஊற்றுவது ஆற்றுத் தண்ணீர் கூட இல்லை, லிட்டர் நூறு ரூபாய். "எந்தப் பெட்டி நல்ல பெட்டி?" என்று இனி யாராவது கேட்டால் பதில் சொல்லும் முன் ஒரே ஒரு கேள்வி திருப்பிக் கேட்டால் போதும்: "லாம்டா எவ்வளவு?" பதில் வராவிட்டால் பெட்டிப் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகலாம்.